பெருங்கூட்ட விளையாட்டு

சுந்தரவேல் ராப்பகலாக ஆடும் ஆன்லைன் விளையாட்டு, சட்டப்படி பெருங்கூட்ட விளையாட்டுதானா என்று சோதிக்க அரசு ஆய்வாளர் வந்திருந்தார். காபியை நீட்டிய அவன் மனைவி கோமளவல்லி சும்மா இருக்கவில்லை.

"எத வச்சு சார் அப்படிச் சொல்வீங்க?"

"ஒரே உலகத்துல ஏகப்பட்ட பேர் இருக்கணும்மா. ஆளுக்கொரு வேஷம் இருக்கணும். நாம தூங்கினாலும் அது பாட்டுக்கு நடக்கணும். அப்படின்னா ஆடுறவங்களுக்குத் தினமும் கட்டாய ஓய்வு உண்டு."

கோமளவல்லி கூடத்தைப் பார்த்தாள். மாமனார், மாமியார், கொழுந்தன்மார், ஓரகத்திகள், அவர்கள் பெற்ற பட்டாளம். வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே வேஷம், லெவல்தான் ஏறவேயில்லை.

"அப்ப இந்த வீட்டையும் பதிஞ்சுக்குங்க சார். எனக்கும் ஓய்வு வேணும்."

ஆய்வாளர் சிரிக்கவில்லை. தலைகளை எண்ணினார். முதல் இரண்டு விதிகளுக்கும் கைக்கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. மூன்றாவதை மாமியாரிடம் கேட்டார்.

"இவங்க படுத்துட்டா வீடு நடக்குமாம்மா?"

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்லாக் கேட்டீங்க! போன மாசம் காய்ச்சல்னு படுத்துட்டா, அடுப்பே எரியல. எங்க கோமளம் இல்லேன்னா இந்த வீடே இல்ல சார்!"

சிவப்பு விளக்கு எரிந்தது.

"மன்னிக்கணும்மா, இது சேராது. சாரோட விளையாட்டு தேறிடுச்சு, அவருக்கு மட்டும்தான் ஓய்வு."

சுந்தரவேல் சாய்வு நாற்காலியில் காலை நீட்டினான். "கோமு, இன்னொரு காபி."