மச்சான் காருக்கு மெழுகு

“முகம் ரொம்ப மங்கிக் கிடக்கு. தோல் உரியக் கூடாது, ஆனா கண்ணாடி மாதிரி மின்னணும். என்ன வச்சிருக்க?”

கடைக்காரர் நிமிர்ந்து, கேட்டவரின் பக்கத்தில் நின்ற மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“அட, இவ முகம் இல்லைய்யா! கார் முகம். பானெட்டு.”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்தைப் பற்றி அவர் இத்தனை அக்கறையாக விசாரித்தது கிடையாது.

கார்கூட அவருடையது இல்லை, அவளுடைய அண்ணனுடையது. டைல்ஸ் வியாபாரியான அண்ணன், வெளியூர் போகும்போது புதுக் காரைத் தங்கை வீட்டு ஷெட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்ததும் புதுக் கிளைக்கு யார் மேனேஜர் என்று சொல்வதாக ஏற்பாடு.

அந்த நாற்காலி மேல்தான் நம்மவருக்கு ஒரு கண். மேலதிகாரி முட்டாள் என்று மேலதிகாரியிடமே சொல்லிவிட்டு வேலையைத் தொலைத்தவர், அதற்கு முன்னாலும் இதே காரணத்துக்காக இரண்டு இடத்தில் வெளியே வந்தவர். மச்சானும் கைவிட்டால் வீட்டில் உலை வைக்க வழியில்லை.

“வண்டி பழசா சார்?”

“புத்தம் புதுசுய்யா. கறுப்பு கலர். ஆனா பாத்தா கரித்துணி மாதிரி இருக்கு. மச்சானுக்குக் கார் வாங்கத் தெரிஞ்சுது, வச்சுக்கத் தெரியல. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?”

“அப்ப வாக்ஸ் போதுமே.”

“என்னை என்ன, ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சியா? வாக்ஸ் சும்மா மேல உக்காந்து காக்கும், அவ்வளவுதான். மங்கல் போகணும்னா முதல்ல பாலிஷ் போட்டு மேல்தோலைச் சீவணும்.” காலையில் போனில் பார்த்த வீடியோவை ஒரு வரி விடாமல் ஒப்பித்தார்.

கடைக்காரருக்கு மேல்தோல் போனால் என்ன, உள்தோல் போனால் என்ன? டப்பாக்களை வரிசையாக எடுத்து வைத்தார். நம்மவர் ஒவ்வொன்றாய்த் திறந்து முகர்ந்து பார்த்தார். ஒன்று டாக்சிக்குத்தான் லாயக்கு என்றார், இன்னொன்றைச் செருப்பு பாலிஷ் என்றார். கடைசியில் எதன் விலை அதிகமோ அதுதான் நல்லது என்று கண்டுபிடித்தார்.

மனைவி மெல்ல வாயைத் திறந்தாள். “என்னங்க, தண்ணி ஊத்தி, துணியால ஒத்தி எடுத்தா போதும், தேய்க்கவே வேணாம்னு அண்ணன் சொல்லிட்டுத்தானே போனாரு?”

“உங்க அண்ணன் குளிக்கறதே அப்படித்தான்!” என்று அவர் சிரித்தார். கடைக்காரரும் வியாபாரத்துக்காகக் கூடச் சேர்ந்து சிரித்தார். “அவரு வீட்டுத் தரையைப் பாத்திருக்கியா? ஊருக்கெல்லாம் டைல்ஸ் விக்கிறாரு, தன் வீட்டுல மட்டும் ஒரு பளபளப்பும் இல்லாம மண்ணு மாதிரி போட்டு வச்சிருக்காரு. ரசனை கெட்ட மனுஷன். அவருக்கு நான்தான் எடுத்துக் காட்டணும்.”

வீட்டுக்கு வந்ததும் பனியனோடு ஷெட்டில் இறங்கினார். கடையில் வாடகைக்கு எடுத்த பாலிஷ் மெஷின் நாள் பூராவும் கர்ரென்று கத்தியது. மனைவி காபி கொண்டு வந்து, கதவில் பளபளப்பு திட்டுத்திட்டாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு, “இது என்னவோ சரியா வராத மாதிரி...” என்று இழுத்தாள்.

“உனக்கு என்ன தெரியும்? போய் அடுப்பைப் பாரு.”

திட்டு இருந்த இடத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தார். அது போன பிறகு மெழுகைப் பூசி, துணியால் துடைத்து, தூர நின்று பார்த்தார். பானெட்டில் அவர் முகமே தெரிந்தது. அதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மறுநாள் மச்சான் வந்து இறங்கினார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். வாசலிலேயே சட்டைப்பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து ஆட்டிக் காட்டினார்.

“மாப்பிள்ளை, புதுக் கிளைச் சாவியோடதான் வந்திருக்கேன். காரை எடுங்க, போய்த் திறந்து பாத்துட்டு வந்துடலாம்.”

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சான் ஷெட்டை எட்டிப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

“என் கார் எங்க?”

“இதுதான் மச்சான்! உங்களுக்கே அடையாளம் தெரியல பாத்தீங்களா?” நம்மவர் நெஞ்சை நிமிர்த்தினார். “ஷோரூம்காரன் உங்களை நல்லா ஏமாத்தியிருக்கான். புது வண்டியில துளி பளபளப்பு இல்லை. நான் ஒருத்தனே ஒரு இடம் விடாம சீவி எடுத்துட்டேன். நம்ம கடையையும் இப்படித்தான் மாத்தப் போறேன்.”

மச்சான் பானெட் மேல் ஒரு விரலை வைத்தார். வழுக்கிக்கொண்டு போனது. கதவு, கூரை, டிக்கி என்று சுற்றி வந்து எல்லா இடத்திலும் தொட்டுப் பார்த்தார்.

“எங்கயாவது கொஞ்சமாவது விட்டு வச்சிருக்கீங்களா?”

“ஒரு இடம்கூட இல்லை மச்சான்!”

மச்சான் சாவிக்கொத்தைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டு, பொத்தானை மாட்டினார்.

“அந்த மங்கலுக்குத்தான் மாப்பிள்ளை, நான் தனியா காசு கொடுத்தேன்.”