தனசேகர் நம்பர்

"செத்துப்போன மனுஷன் நம்பரை இன்னும் எத்தனை நாளைக்குக்கா வச்சிருப்பீங்க? நேத்து பதினோரு தடவை அடிச்சிருக்கு. அவர் சம்சாரம் போனை வீட்ல வச்சிட்டு ரேஷனுக்குப் போயிருக்காங்க. வந்து பார்த்து நமக்குச் சொல்றதுக்குள்ள மூணாம் வார்டுல ஒரு உயிர் போயிடுச்சு!"

கம்ப்யூட்டர் அறையில் ஜெரோம் கத்தக் கத்த, எஸ்தர் கீபோர்டில் அடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது ஆஸ்பத்திரிகளில் எங்கே ஆக்சிஜன் குறைந்தாலும் தானாக யாருக்குப் போன் போக வேண்டும் என்பது அந்த அறைக் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில், ஒரே வரியில் இருந்தது. அந்தப் போன்களை எடுத்துக்கொண்டிருந்த, அவர்களோடு வேலை பார்த்த தனசேகர் இறந்து மூன்று மாதமாகியும் அதில் அவன் நம்பர்தான். மாற்றப் போன அன்று அவன் மனைவி பரிமளா அழுதாள். "நான் எடுத்து உடனே உங்களுக்குச் சொல்லிடறேன்க்கா. அவரை யாரோ கூப்பிட்டுக்கிட்டே இருக்கட்டும்." எஸ்தர்தான் சரி என்றாள்.

"வாசிடா" என்றாள் இப்போது. பக்கத்தில் ஒருவர் சத்தமாக வாசித்த பிறகுதான் என்டர் தட்டுவது அந்த அறை வழக்கம். தனசேகர் நம்பரை எடுத்துவிட்டு வேறு நம்பரைப் போடச் சொல்லி, கறுப்புத் திரையில் அவள் அடித்திருந்த கட்டளையை ஜெரோம் வாசித்தான். பழைய நம்பரை மட்டும் திரையைப் பார்க்காமலே சொன்னான். அவள் தட்டினாள். ஒன்பது ஆஸ்பத்திரிகளிலும் ஒரே நொடியில் தனசேகர் இல்லாமல் போனான்.

சாயந்தரம் பரிமளா கூப்பிட்டாள். "நேத்து கவனிக்காம விட்டுட்டேன்னு இன்னிக்குப் போனைக் கையிலேயே வச்சிருக்கேன்க்கா. ஒண்ணுகூட வரலை. எல்லாரும் நல்லா இருக்காங்கதானே?"

எஸ்தர் போனைக் காதில் வைத்தபடி நிற்கிறாள். என்ன சொல்லட்டும் அவள்? உங்களுக்குத் தோன்றுவதைக் கீழே எழுதுங்கள்.