ஊரிலேயே சுத்தமான காற்று

"ஊர் முழுக்க இருபத்திரண்டு இடத்துல காத்து மாசை அளக்குற மெஷின் வச்சிருக்கோம் டாக்டர். அதுல உங்க ஆஸ்பத்திரி மொட்டைமாடியிலதான் காத்து ரொம்பச் சுத்தம்!" என்று செல்போனை நீட்டினார் மாசுக் கட்டுப்பாட்டு இன்ஜினீயர்.

குழந்தை டாக்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்புறம் ஏன் சார் மூச்சுத்திணறல் வந்த பிள்ளைங்க வாசல் வரைக்கும் நிக்குதுங்க? லாரிகளை வேற ரோட்டுல விடச் சொல்லி மூணு மனு குடுத்தாச்சு."

"காத்து சுத்தம்னு மெஷின் சொல்லுதே! மேலிடத்துக்கு நான் என்னன்னு எழுதுறது?"

"சரி, மாடிக்கு வாங்க."

இன்ஜினீயர் வேண்டாவெறுப்பாகப் படியேறினார். மாடியைக் கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மா, அதிகாரியைக் கண்டதும் பூரித்துப்போனாள்.

"மெஷினைப் பாக்க வந்தீங்களா சார்? விலை கூடின சாமானாச்சே, பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கறேன். ஒரு பொட்டுத் தூசி உள்ள போக விடமாட்டேன்!"

இன்ஜினீயர் மெஷின் அருகே விரைந்தார். மெஷின் காற்றை இழுக்கும் குழாயின் வாயில் ஒரு துணி இறுக்கிக் கட்டியிருந்தது.

"இதை எப்பம்மா கட்டுனீங்க?"

"வாராவாரம் துவைச்சுக் கட்டிடுவேன் சார். இது முந்தாநாள் கட்டினது."

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக அவர் முடிச்சை அவிழ்த்தார். "கட்டுறதுதான் கட்டுனீங்க, அதுக்குக் கறுப்புத் துணிதான் கிடைச்சுதா?"

"கறுப்பா?" அந்த அம்மாவுக்குச் சுருக்கென்றது. "நல்ல வெள்ளைத் தலையணை உறை சார் அது!"

டாக்டர் அந்த உறையை வாங்கி, மடித்து, இன்ஜினீயர் கையிலேயே வைத்தார்.

"நாலாவது மனு சார்."