ஏழுமலையின் மதியச் சாப்பாடு

மதியத்தில் டிவி சமையல் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது தாயம்மாவுக்கும் அவள் புருஷன் ஏழுமலைக்கும் வழக்கம். கொஞ்ச நாளாக அவன் அவள் வைக்கும் சோற்றைத் தொடுவதே இல்லை. ஆனாலும் ஆள் இளைக்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட முடியாத அளவுக்குத் தொப்பை வந்திருந்தது. அதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றுவிட்டு வந்து, இன்றைக்கும் சங்கரா மீன் குழம்பு வைத்துத் தட்டில் ஊற்றினாள். டிவியில் சமையல்காரம்மா வறுத்த முந்திரியைக் கொட்டி, நெய் ஒழுகக் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள்.

“இன்னாய்யா, சோறு ஆறிக்கினு கீது.”

“வேணாம் தாயி. வயிறு ரொம்பிடுச்சி.”

“எவ வூட்ல துன்னுட்டு வந்த?”

“நீதான கதவப் பூட்டிக்கினு போன? எங்க போவேன்?”

உண்மைதான். சந்தேகத்தில் வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போயிருந்தாள்.

ஆத்திரத்தில் டிவியை அணைத்தாள். ஏழுமலை ஏப்பம் விட்டுக்கொண்டே கை கழுவ எழுந்து போனான். அவன் உட்கார்ந்திருந்த பாயில் நெய்யில் வறுத்த முந்திரி ஒன்று கிடந்தது. தாயம்மா அதை எடுத்து வாயில் போட்டாள். இன்னும் சூடாக இருந்தது. பாழாய்ப்போனது, ருசியாகவும் இருந்தது.