மேட்டில் நிற்கும் வண்டி

"இன்னிக்காவது அந்த மதலைமுத்து வண்டிய இங்க நிறுத்துவானுங்களா, மொதலாளி?"

பச்சியப்பன் கேட்பது இது நான்காவது முறை. எட்டு மணி பஸ்ஸில்தான் பாப்பாரப்பட்டியிலிருந்து அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

பஸ் நிறுத்தமே அவருடைய டீக்கடை வாசல்தான். கடைக்குப் பின்னால் வீடு. ஆனால் டிரைவர் மதலைமுத்து மூன்று மாதமாகக் கடையைத் தாண்டிப் போய் மேட்டு உச்சியில் நிறுத்தி, என்ஜினையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிடுகிறான். ஒரு நாள் டீயைக் கழுநீர் என்றான். இவரும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டார். அந்தக் கடுப்புதான், வேறென்ன?

புகார் கேட்டு பஸ் முதலாளி பெரியண்ணனே காரில் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு அஞ்சு வண்டி ஓடுது. ஸ்டாப்புல உறுமிக்கிட்டு நின்னாத்தான் ஜனம் ஓடியாரும். இவன் மட்டும் அணைச்சுப் போடறான். கடை முன்னாடிதான் நிறுத்தணும்னு நேத்தே சொல்லிட்டேன். மீறினா இன்னியோட அவன் சீட்டு கிழிஞ்சுது."

பச்சியப்பன் உள்ளே எட்டிப் பார்த்தார். மகள் தீர்த்தம்மாள் பட்டுச்சேலையில் நின்றாள். அவரது இன்னொரு பயமே அவள்தான். அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. வந்தால் ஆளையே உலுக்கிவிடும். வெளியில் யாருக்கும் தெரியாமல் சளி, சளி என்றே சொல்லி மூடி வைத்திருந்தார். தீர்த்தமலை சாமிக்கு நேர்ந்துகொண்ட புண்ணியம், மூன்று மாதமாக வரவில்லை. இன்றைக்கும் வராமல் இருக்க வேண்டுமே!

ஹாரன் கேட்டது. பஸ் கடையை நெருங்கி வேகம் குறைந்தது. மதலைமுத்து முதலாளியைப் பார்த்தான், கடையைப் பார்த்தான். அப்படியே மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

"போயிட்டானே படுபாவி! வர்ற சம்பந்திங்கள நடக்க வெக்கிறானே!"

பெரியண்ணன் மேட்டுக்கு விரைந்தார். மதலைமுத்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நின்றான்.

"ஏன்யா நிறுத்தல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

பட்டுச்சேலையும் தட்டுமாக மாப்பிள்ளை வீட்டார் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் சொன்னான்:

"தப்புதாங்க. வேற ஆளப் போட்டுக்குங்க மொதலாளி."

"இன்னிக்கு டிரிப்ப முடிச்சுட்டு வூட்டுக்குப் போ. நாளைக்கு வராதே."

பச்சியப்பனுக்கு அப்போதுதான் மனசு ஆறியது.

பெண் பார்க்கும் காரியம் நல்லபடி நடந்தது. பிள்ளையின் தாய் ஜானகியம்மாள் கேட்ட கேள்விக்கெல்லாம் தீர்த்தம்மாள் திணறாமல் பதில் சொன்னாள். பெரிய மனிதர் என்று பெரியண்ணனையும் சபையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"இன்னிக்கே பூ வெச்சுடலாமுங்க" என்றாள் ஜானகியம்மாள்.

பதினோரு மணிக்குத் திரும்பி வந்த பஸ்ஸும் மேட்டிலேயே நின்றது. சம்பந்திகளை ஏற்றிவிட்டு, பச்சியப்பன் டிரைவர் பக்கம் போனார்.

"டீ மேல இருந்த கோவத்த என் பொண்ணு காரியத்துலயா காட்டுவ?"

மதலைமுத்து குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"இந்த வண்டிக்கு செல்ஃப் ஸ்டார்ட் வேலை செய்யலீங்க. சமதரையில அணைச்சா தள்ளித்தான் எடுக்கணும். மேடுன்னா உருட்டி எடுத்துக்கலாம். உங்க கடை முன்னாடி பத்து நிமிஷம் உறுமிக்கிட்டு நின்னா, புகை பூரா உங்க வூட்டுக்குள்ள போவுது. ஒரு நா உங்க பொண்ணு தூணப் புடிச்சுக்கிட்டு மூச்சுக்குத் தவிச்சதக் கண்ணாடியில பார்த்தேன். அன்னியிலேர்ந்துதான் மேட்டுல."

பச்சியப்பன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். தீர்த்தமலை வேண்டுதலுக்கும் வண்டி மேட்டுக்குப் போனதற்கும் ஒரே கணக்கு, மூன்று மாதம்.

"இத... இத மொதலாளிகிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நீங்க மூடி வெச்சத நான் நாலு பேருக்கு முன்னால ஒடைக்கறதுங்களா?"

பெரியண்ணன் அருகில் வந்தார். "என்ன பச்சியப்பா, இன்னும் ஏதாவது சொல்றானா? இவன் வேலைய எடுத்தது சரிதானே?"

பச்சியப்பன் வாயைத் திறந்தார். ஜன்னலில் ஜானகியம்மாள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிதாங்க மொதலாளி."

மதலைமுத்து பிரேக்கை விட்டான். பஸ் சத்தமில்லாமல் மேட்டிலிருந்து உருண்டது. கடையையும் வீட்டையும் தாண்டி, புளியமரத்துக்கு அப்பால் போன பிறகுதான் அது புகை கக்கியது.