எண் எழுதாத கடிதம்

ரைஃபிள் கிளப்பின் தோட்டா அறையில் அன்று மூன்று பேர். தராசின் முன்னால் சற்குணம், கதவருகே அவர் மச்சினன் பாக்கியநாதன், ஜன்னலோரம் நோட்டும் கையுமாக மனைவி மரகதம். தராசு முள் ஆடக்கூடாதென்று ஃபேனை நிறுத்தியிருந்ததால் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது.

தோட்டாக் கூட்டின் கழுத்தைச் சற்குணமே மாற்றி வடித்திருந்தார். எந்தப் புத்தகத்திலும் அதற்கு வெடிமருந்தின் அளவு கிடையாது. அதனால் குறைவாகத் தொடங்கி, துளித்துளியாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் வெளியே மைதானத்தில் மும்மூன்றாகச் சுட்டு, அந்தக் கூடுகளை லென்ஸில் பார்த்தார். ஆறாவது அளவில் மூன்று குண்டும் ஒரே துளையில் போயின.

"இன்னும் ஒரு படி ஏத்துங்க மச்சான், பிச்சுக்கிட்டுப் போகும்."

ஏற்றினார். ஏழாவது அளவில் சுட்ட கூட்டின் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு பளபளப்பு; உள்ளே அழுத்தம் மிஞ்சியதன் அடையாளம்.

"துப்பாக்கியே போதும்னு சொல்லுது மாப்ளே. ஆறோட நிறுத்திக்கலாம்."

"அப்ப உங்க தம்பிக்கு ஆறாவது அளவ எழுதிடவா?" என்றாள் மரகதம். தம்பி ராஜமணியும் அண்ணன் வடித்துக் கொடுத்த இதே கூடுதான் வைத்திருந்தான். பொறுமை கிடையாது. மருந்தளவின் எண்ணைக் கேட்டு மூன்று கடிதம் போட்டிருந்தான்.

"வேண்டாம். அவன் துப்பாக்கி வேற, இந்த அளவத் தாங்காம வெடிச்சாலும் வெடிக்கும். எண்ணப் பாத்தா அங்கேயே ஆரம்பிப்பான்."

"ஒளிக்கிறீங்கன்னு கோவிச்சுக்குவாரு."

"கோவிச்சுக்கிட்டு முறைக்கவாவது அவனுக்கு ரெண்டு கண்ணும் இருக்கணும்ல."

எப்படிக் குறைவாகத் தொடங்குவது, எதைப் பார்த்து நிறுத்துவது என்று இரண்டு பக்கம் எழுதினார். எண் எதுவும் இல்லை. பளபளத்த கூட்டைத் தாள்களுக்கிடையே வைத்து உறையை ஒட்டினார்.

தபால் நிலையத்தில் உறை தராசுக்குப் போனது. "ஒரு நிமிஷம் ஃபேன நிறுத்துங்க சார்" என்றார் சற்குணம். முள் நின்றதும் முத்திரை விழுந்தது.