வண்டியில் இடமில்லை

ஜெயசுதா ஆற்றில் இறங்கி, சுருட்டிய பாயை மணலில் வைத்தாள். அதன் மேல் தலையணை. அதன் மேல் மடித்த ஆம்பளைச் சட்டை நாலு.

கரைமேல் இட்லிக்கடை போட்டிருக்கும் பெரியநாயகி அதைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியை நழுவவிட்டாள். மணலூர்பேட்டையில் பெண்ணையாற்று மணலுக்குப் பாயும் தலையணையும் வந்தால் ஒரு வீட்டில் சாவு என்று அர்த்தம். யாரையும் கேட்கவே வேண்டாம்.

"ஐயையோ, போய்ட்டானா!" என்று வாய் சொன்னது. மனசு மட்டும், ஒழிஞ்சான்டா சண்டாளன் என்றது. பெரியநாயகி அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஜெயசுதாவின் புருஷன் தீனதயாளனை நல்லவன் என்று சொல்ல அந்தக் கரையில் ஒரு ஆள் கிடையாது. அவன் அடிப்பதும் அவள் அலறுவதும் பொறுக்காமல் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். வேறு யாரும் வாடகைக்கு விடவில்லை. தான் ஓட்டுகிற பழைய சுமோவின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு, குடித்தனத்தை அதற்குள் ஏற்றி, கடைக்கு எதிரே புளியமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். ஆச்சு, நாலு மாதம்.

ஒரு வீட்டுச் சாமான் ஒரு வண்டியில் அடங்குமா? "எடம் பத்தல, எடம் பத்தல" என்று தினம் ஒன்றாக வெளியே எறிந்தான். எறிந்ததெல்லாம் அவளுடையது. தையல் மிஷின் போனது. அம்மா வீட்டுப் பித்தளைக் குடம் போனது. பத்துப் புடவை ரெண்டாச்சு. கடைசியில் அவள் தலையணையும் போனது. அவனுடைய சட்டைகள் மட்டும் கம்பியில் வரிசையாகத் தொங்கின.

மிச்சத்தை அவள் அடுக்கி வைத்திருந்த அழகைப் பார்க்கணுமே! சீட்டுக்கு அடியில் அரிசி, கதவுப் பையில் தீப்பெட்டி, கண்ணாடியோரம் சீப்பு. ஒன்று ஒரு சாண் தள்ளி இருந்தாலும் அன்றைக்குக் கன்னம் வீங்கிவிடும். ஸ்டியரிங் பக்கம் மட்டும் துடைக்கக்கூட விடமாட்டான். சைக்கிளே ஓட்டத் தெரியாதவளுக்கு அங்கே என்ன வேலை என்பான்.

நாலு நாள் முன்பு, கடையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னான்.

"பாத்தியாக்கா, வண்டி இன்னா காலியா இருக்குது! இனிமே கொறைக்கறதுக்கு இவ ஒருத்திதான் பாக்கி."

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஜெயசுதா தலையைக் குனிந்துகொண்டு அவன் தட்டைக் கழுவினாள். அன்றைக்கு மத்தியானமே அவளை ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குக் கிளம்பிவிட்டான்.

பெரியநாயகிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மலை ஏறும் வழியில் எத்தனை வளைவு, எத்தனை பள்ளம்! ஒரு தள்ளு தள்ளினால் கேட்பார் யார்? போலீசுக்குப் போகலாமா என்று எழுந்திருப்பாள். நமக்கெதற்கு வம்பு என்று உட்கார்ந்துவிடுவாள். அந்த வெட்கம் வேறு அவளைப் பிடுங்கித் தின்றது.

இன்று விடிந்து பார்த்தால் சுமோ பழையபடி புளியமரத்தடியில் நிற்கிறது. நாலு கண்ணாடியும் ஏற்றி, உள்பக்கம் துண்டு போட்டு மறைத்திருக்கிறது. அதிலிருந்து ஜெயசுதா மட்டும் இறங்கினாள். உயிரோடு இறங்கினாளே, அது போதும் என்றிருந்தது பெரியநாயகிக்கு.

அடுப்பை அப்படியே போட்டுவிட்டு மணலில் ஓடினாள்.

"சுதா! எம்மா! இன்னாம்மா இது?"

"எடம் பத்தலக்கா."

ஜெயசுதா சவர செட்டு, பல் பிரஷ், மூக்குக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகச் சட்டைகளின் மேல் அடுக்கினாள். நெற்றியில் பொட்டு இருந்தது. காரியம் முடிகிற வரைக்கும் இருக்கும்தானே என்று பெரியநாயகி நினைத்துக்கொண்டாள்.

"அழுதுடும்மா. உள்ளயே வெச்சிக்கினு இருக்காத."

"அழுதாச்சுக்கா. பன்னெண்டு வருசம்."

"கூடமாட யாராச்சும் வந்தாங்களா? ஒண்டியாவா எல்லாம் பாத்த?"

"ஒண்டிதான். எனக்கு யாரு வருவா?"

பெரியநாயகிக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

"தப்புதாம்மா. கண்ணால பாத்துக்கினே சும்மா இருந்துட்டேன். நீ இனிமே அந்த வண்டியில ஏறாத. என் வூட்ல வந்து இரு. எவன் இன்னா கேக்கறான்னு நான் பாக்கறேன்."

ஜெயசுதா நிமிர்ந்தாள். இத்தனை நாளில் அவள் நேருக்கு நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நெசமாவாக்கா? யாரு வந்து கேட்டாலும், காலையிலேர்ந்து உன் வூட்லதான் இருந்தேன்னு சொல்லுவியா?"

"சொல்றேம்மா. சத்தியமா சொல்றேன்."

பாவம், போலீசு, கேஸு என்று எதற்கோ பயப்படுகிறாள், மலைமேல் நடந்த சாவாயிற்றே என்று பெரியநாயகிக்கு மனசு இளகியது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்கிறவர்கள் கேட்பதைக் கேட்டாள்.

"எப்பம்மா உசுரு போச்சு?"

ஜெயசுதா சட்டைக் காலரை இழுத்து நேராக்கினாள். திரும்பி, புளியமரத்தடியில் கண்ணாடி ஏற்றி நிற்கிற சுமோவை ஒரு தரம் பார்த்தாள்.

"இன்னும் போவலக்கா."